வேலை இல்லாதவருக்கா, மனம் இல்லாதவருக்கா?

‘வேலை இல்லாதவனுக்குச் சோறு போடாதே என்று பவுலே எழுதியிருக்கிறார்’ என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

அந்த வரி, தொடக்ககாலக் கிறிஸ்தவத் தூதரான பவுலின் பெயரில் வேதாகமத்தில் உள்ள கடிதங்களில் ஒன்றான இரண்டாம் தெசலோனிக்கேயர் 3:10 (3ஆம் அதிகாரம், 10ஆம் வசனம்). பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்’ என்றுதான் தொடங்குகிறது. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பிலும் ‘மனமில்லாத’ என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்தில் வரும் வினையும் ‘விரும்பவில்லை’ என்ற பொருளுடையது. ஆக, வேலை கிடைக்காதவர், நோயாளி, முதியவர் பற்றிய பேச்சே அங்கில்லை.

வீட்டில் வேதாகமம் இருந்தால் 6 முதல் 13 வரையிலான வசனங்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள், இரண்டு நிமிடம் ஆகும். 8இல், யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாதென்று இரவும் பகலும் உழைத்ததாகச் சொல்கிறார். 11இல், வேலை செய்யாமல் அடுத்தவர் காரியத்தில் தலையிட்டுத் திரிந்த சிலரைக் கண்டிக்கிறார். பகிரப்படும் படங்களில் எப்போதும் விடுபட்டுப்போவது 13தான்: நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்கிறது அது.

(இந்தக் கடிதத்தைப் பவுலே எழுதினாரா என்று ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. அது வேறு கதை. யார் எழுதியிருந்தாலும் வசனத்தில் இருக்கும் சொல் இதுதான்.)