ஆசிரியர் அறையில் நாம் கற்றுக்கொள்வது

தேர்வு முடிவுகள் வந்த மறுநாள் எந்தக் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் ஏறக்குறைய ஒரே உரையாடல்தான் நடக்கும். "இந்த ஆண்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படையே தெரியவில்லை" என்று ஒருவர் தொடங்குவார், "படிக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லை" என்று இன்னொருவர் சேர்த்துக்கொள்வார், "வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, நாம் என்ன செய்ய முடியும்?" என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். கோப்பையில் இருந்தது காலியாகும் நேரத்துக்குள் விசாரணையும் முடிந்து தீர்ப்பும் வந்துவிடும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த உரையாடலில் நானும் பங்கெடுத்திருக்கிறேன். பல நாட்களில் அதைத் தொடங்கிவைத்தவனே நான்தான். எல்லா மாணவர்களுக்கும் சமவாய்ப்புக் கிடைக்கும்படி கற்பிப்பதைக் கல்லூரி ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள ஓர் ஏற்பாடு வேண்டும் என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். அந்த ஏற்பாடு எப்போதும் இருந்துவருகிறது என்பதே என் எண்ணம். யாரைக் கைவிடலாம், என்ன காரணம் சொல்லிக் கைவிடலாம் என்ற பாடத்தை நாம் ஒருவருக்கொருவர் நாள்தோறும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

புதிதாகப் பணியில் சேரும் ஒருவர் கற்பித்தலை எங்கே கற்கிறார் என்று யோசித்துப் பார்க்கலாம். பள்ளி ஆசிரியராவதற்குத் தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. கல்லூரி ஆசிரியருக்குப் பெரும்பாலும் பாடத்தில் உயர்பட்டம் இருந்தால் போதும். எனவே அவர் தனக்குப் பாடம் எடுத்தவர்களைப் போலவே பாடம் எடுக்கிறார். அந்த முறையில் தேறி வந்தவர் என்பதால் அதில் குறை இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை. அந்த முறையால் தேறாமல் போனவர்கள் ஆசிரியர் அறைவரை வந்து சேர்வதில்லையே. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1993இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நிலையைக் கற்பித்தலின் தனிமை என்று குறிப்பிட்டார். ஆய்வு என்று வந்தால் நாம் கட்டுரையைப் பத்துப் பேரிடம் காட்டுகிறோம், கருத்தரங்கில் வைத்து அடிவாங்குகிறோம், திருத்திக்கொள்கிறோம். வகுப்பறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

என் வகுப்பின் கதவைத் திறந்தவர் என்னைவிடப் பல வயது இளையவரான ஒரு சக ஆசிரியை. "சார், உங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டுமா? குறை சொல்ல மாட்டேன், குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்டார். மறுக்கக் காரணம் கிடைக்காததால் ஒப்புக்கொண்டேன் என்பதுதான் உண்மை. அவர் கடைசி வரிசையில் அமர்ந்து, ஒரு தாளில் இருக்கைகளைச் சிறு சிறு பெட்டிகளாக வரைந்து, ஒரு மாணவர் வாய் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் ஒரு கோடு போட்டிருக்கிறார். நான் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மறுபடி நானே பேசத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை நொடிகள் போயின என்பதை ஓரத்தில் எழுதியிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை என் கையில் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார்.

அறுபது பெட்டிகளில் ஏழில் மட்டுமே கோடுகள் இருந்தன. அந்த ஏழில் ஐந்து பெட்டிகள் முன்னிரு வரிசைகளைச் சேர்ந்தவை. ஓரத்தில் இருந்த எண்கள் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று போயின. அன்றைய வகுப்பு நல்ல விவாதமாக அமைந்தது என்ற நிறைவோடு மேடையிலிருந்து இறங்கியவன் நான்.

அந்தத் தாள் எனக்குக் காட்டியது ஒன்றும் புதுமையானதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார் என்பதை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே பதிவு செய்திருந்தார். அதை மூன்று நொடிகளாக நீட்டினாலே விடைகள் நீளமாவதையும், மந்தமானவர்கள் என்று ஆசிரியர் கருதியிருந்தவர்களும் பேசத் தொடங்குவதையும் அவர் கண்டார். 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு, உயிரியலின் 23 தொடக்கநிலை வகுப்புகளைக் கவனித்தது. அங்கே மாணவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் பெண்கள். ஆனால் ஆசிரியரின் கேள்விக்கு வகுப்பில் எழுந்த குரல்களில் அவர்களுடையது 40 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த ஆசிரியர்கள் யாரும் பெண்களைப் பேசாதே என்று தடுத்திருக்க மாட்டார்கள். முதலில் கை உயர்த்துபவரை அழைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பள்ளிப்படிப்பை வேறு மொழியில் முடித்துவிட்டு வந்த மாணவி கேள்வியைப் புரிந்துகொண்டு, விடையை யோசித்து, அதைச் சொல்வதற்கான வாக்கியத்தையும் மனத்தில் கட்டி முடிப்பதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது. "யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம்" என்று நான் பெருந்தன்மையோடு அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் அதே ஏழு பேரைத்தான் அழைக்கிறேன் என்பதை நானாக ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். பேசிக்கொண்டிருப்பவனுக்கு எண்ண முடியாது, எண்ணுவதற்கு இன்னொருவர் வேண்டும்.

சமவாய்ப்புள்ள கற்பித்தலைப் பற்றிப் பேசும் இடங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்லும் நிகழ்வு ஒன்று உண்டு. 1970களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற இளம் கணிதவியலாளர், கறுப்பின மாணவர்கள் நுண்கணிதப் பாடத்தில் ஏன் பெருமளவில் தோற்கிறார்கள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். முதலில் ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஊக்கமின்மை, பள்ளியில் அடிப்படை சரியில்லாமை, குடும்பத்தில் படிப்புக்கு ஆதரவின்மை, வறுமை என்று விடைகள் வந்தன. எந்த ஆசிரியர் அறையிலும் இன்றும் கேட்கக்கூடிய பட்டியல் அது. பிறகு அவர் கறுப்பின மாணவர்கள் இருபது பேரையும் சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேரையும் அவர்கள் தங்கிய இடம்வரை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தார். பட்டியலில் இருந்த எந்தக் காரணமும் தேறவில்லை. ஊக்கம் இருந்தது, பெற்றோரின் ஆதரவும் இருந்தது. வேறுபாடு அவர்கள் படித்த விதத்தில் இருந்தது: கறுப்பின மாணவர்கள் தனியாக, ஒழுங்காக, சொன்ன மணிநேரம் படித்தார்கள், மற்றவர்கள் கூடி அமர்ந்து ஒருவர் போட்ட கணக்கை ஒருவர் சரிபார்த்துக்கொண்டும், எந்தக் கணக்கு எல்லோருக்குமே கடினமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டும் படித்தார்கள். டிரைஸ்மன் அதற்குப் பின் ஏற்படுத்திய பயிலரங்கில், பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்ற பெயர்ப்பலகையே இல்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக அமர்ந்து போடச் செய்தார். அதில் சேர்ந்தவர்கள் நுண்கணிதத்தில் நன்றாகத் தேறினார்கள்.

மாணவர்கள் கூடிப் படித்ததைப் பற்றித்தான் பலரும் இந்த நிகழ்விலிருந்து எடுத்துச் சொல்வார்கள். அதற்கு முந்தைய பகுதியில்தான் என் கவனம் நிற்கிறது. ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தது எப்படி? தனித்தனியாக ஆராய்ந்து அத்தனை பேரும் ஒரே தவறான முடிவுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுக் கற்றிருக்கிறார்கள்.

இப்படிக் கூட்டாகக் கற்றதை மாற்ற நிர்வாகம் வழக்கமாகக் கையாளும் வழி ஒருநாள் பயிற்சி. வெளியிலிருந்து ஒரு வல்லுநர் வருவார், படக்காட்சி ஓடும், மாலையில் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சிக்குப் பின் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதைக் காணொளிப் பதிவின் வழியாகப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி அது; ஒரே நாளில் முடிந்ததும் அல்ல, பல நாட்கள் நடந்தது. விடையளித்தவர்களில் 89 விழுக்காட்டினர் தங்கள் கற்பித்தலை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். பதிவுகளைப் பார்த்தபோது 75 விழுக்காட்டினர் பழையபடி விரிவுரைதான் நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. என் வகுப்பு நல்ல விவாதமாக அமைந்தது என்று நான் நம்பினேன் அல்லவா, அதே போலத்தான். அதே ஆண்டில், கல்லூரிக் கற்பித்தலை மாற்றும் முயற்சிகளைப் பற்றிய 191 கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு குழு, மேலிருந்து வரும் ஆணையும் சிறந்த முறைகளைத் தயாரித்துக் கையில் கொடுப்பதும் பொதுவாகப் பயன் தரவில்லை என்றும், ஆசிரியரின் நம்பிக்கைகளைத் தொடுகிற, நீண்ட காலம் தொடர்கிற முயற்சிகளே பயன் தந்தன என்றும் கண்டது.

அந்தத் தாளுக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். வேறு வேறு துறைகள். இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை, ஓராண்டு முழுவதும். அமெரிக்காவில் ஒஹாயோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் 1979 முதல் இப்படிப்பட்ட ஆசிரியர் கற்றல் குழுக்கள் நடந்துவருவதைப் பின்னர்தான் படித்தேன். ஓராண்டு, சிறு குழு, பல துறை என்று நாங்கள் தட்டுத்தடுமாறி அமைத்துக்கொண்டவை அங்கே ஏற்கெனவே விதிகளாக இருந்தன.

எங்கள் கூட்டங்களில் சமத்துவத்தைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லை. காகிதங்கள்தான் அதிகம். நான் மாணவர்களுக்குக் கொடுத்த ஒப்படைப்புத் தாளில் "விமரிசன நோக்கில் ஆராய்க" என்று எழுதியிருந்ததைப் படித்த இயற்பியல் ஆசிரியர், "இதில் நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள், இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டுமா, என் முடிவைச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். முனைவர் பட்டம் பெற்றவருக்கே புரியாதது, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? அண்ணனோ அத்தையோ கல்லூரியில் படித்திருந்தால் அந்தச் சொற்றொடரின் உட்பொருளை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மற்றவர்கள் ஊகித்து எழுதி மதிப்பெண் இழப்பார்கள், நாம் அதைத் தரக்குறைவு என்று எழுதிவைப்போம். இப்போது ஒவ்வோர் ஒப்படைப்பிலும் எதற்காக இதைச் செய்யச் சொல்கிறேன், என்ன செய்ய வேண்டும், எதைப் பார்த்து மதிப்பெண் போடுவேன் என்ற மூன்றையும் எழுதுகிறேன். இது என் கண்டுபிடிப்பல்ல. மேரி-ஆன் விங்கல்ம்ஸ் என்பவர் முன்னெடுத்த இந்த முறை பல கல்லூரிகளில் பின்பற்றப்படுகிறது.

பெயரை மறைத்து விடைத்தாள்களை மாற்றித் திருத்திப் பார்த்தோம். வந்த மதிப்பெண் வேறுபாட்டை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஒரு கூட்டத்தில் சண்டையே வந்தது. எங்களில் ஒருவர், மிக ஏழ்மையான குடும்பத்திலிருந்து எவர் துணையுமின்றிப் படித்து வந்தவர், எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு யார் மூன்று நொடி காத்திருந்தார்கள்? நான் வரவில்லையா? முடிந்தவன் வருவான்" என்றார். இந்த வாதத்துக்கு எந்தப் பயிற்சியாளராலும் விடை சொல்லிவிட முடியாது. அவர் வாழ்க்கையே அதற்குச் சான்றாக நிற்கிறது. 150 ஆசிரியர்களையும் 15,000 மாணவர்களையும் கொண்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வு, திறமை பிறவியிலேயே அமைந்தது, மாறாது என்று நம்பும் ஆசிரியர்களின் வகுப்புகளில் இன அடிப்படையிலான மதிப்பெண் இடைவெளி மற்றவர்களின் வகுப்புகளைவிட இரு மடங்குவரை இருந்ததைக் காட்டியது. அதை அவரிடம் காட்டியிருந்தால் கூட்டத்தை விட்டே போயிருப்பார். நாங்கள் காட்டவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, தன்னோடு படித்து நடுவில் நின்றுவிட்ட மூன்று நண்பர்களைப் பற்றி அவராகவே பேசினார். அவர்களில் ஒருவர் தன்னைவிடக் கெட்டிக்காரர் என்றார். அடுத்த பருவத்தில் அவரது வினாத்தாள் மாறியிருந்தது. காரணத்தை நாங்கள் கேட்கவில்லை.

இப்படியெல்லாம் செய்தால் தரம் தாழ்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சான்று எதிர்த்திசையில்தான் இருக்கிறது. 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டின் ஆய்வில், விரிவுரையை மட்டுமே கேட்ட மாணவர்கள் தோற்பதற்கான வாய்ப்பு, வகுப்பிலேயே விவாதித்தும் கணக்குகளைப் போட்டும் செயல்பட்டுக் கற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. 2020இல் வந்த தொகுப்பு, இத்தகைய செயல்வழிக் கற்றல், வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வந்த மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளியை 33 விழுக்காடும், தேர்ச்சி இடைவெளியை 45 விழுக்காடும் குறைத்ததாகக் காட்டியது. ஆனால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியவர்களிடம்தான் இடைவெளி குறைந்தது. ஐந்து நிமிடக் குழு உரையாடலைச் செருகி மனசாட்சியை ஆற்றிக்கொள்பவர்களுக்கு (நானும் அப்படி ஒரு பருவம் ஓட்டியவன்) அதில் ஆறுதல் இல்லை. மாணவர்களும் உடனே பாராட்டிவிட மாட்டார்கள். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த 2019ஆம் ஆண்டின் ஆய்வில், செயல்பட்டுக் கற்றவர்கள் அதிகம் கற்றிருந்தும் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மாணவர் கருத்துப் படிவத்தை வைத்துப் பணி நீட்டிப்பு முடிவாகும் இளம் ஆசிரியர் இதை எப்படித் தனியாக முயல்வார்?

இங்கேதான் நிர்வாகத்திடம் எனக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, எங்கள் குறிப்புத் தாள்கள் உங்களுக்கு வராது. சக ஆசிரியர் வகுப்பில் வந்து அமர்வதைப் பணி மதிப்பீட்டோடு இணைத்த நாளில் அவரவர் தம் சிறந்த வகுப்பை ஒத்திகை பார்த்து அரங்கேற்றுவார்கள். கோடு போட வந்தவரும் நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமின்றி எல்லாப் பெட்டியிலும் கோடு போட்டுவிடுவார். இரண்டாவது, இந்த நேரத்தைப் பணிநேரமாகக் கணக்கிடுங்கள். தொகுப்பூதியத்தில் இருப்பவர்களும் வகுப்புக் கணக்கில் ஊதியம் பெறுபவர்களும் தொடக்கநிலை வகுப்புகளில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள். தடுமாறும் மாணவர்களை முதலில் சந்திப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் ஐவரில் அப்படி ஒருவர்கூட இல்லை. சமவாய்ப்பைப் பற்றிப் பேசக் கூடிய குழுவிலேயே அவர்களுக்கு இடமில்லாமல் போனதை நாங்கள் கவனிக்க ஏழு மாதங்கள் ஆயின.

ஓராண்டு கழித்து அதே ஆசிரியை மறுபடி என் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். இம்முறை கோடு விழுந்த பெட்டிகள் இருபத்து மூன்று. இடப்பக்கச் சுவரை ஒட்டிய இருக்கைகள் மேலிருந்து கீழ்வரை வெறுமையாகவே இருந்தன. நான் கரும்பலகையில் எழுதும்போது அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.