மாடல் யாருடையது?

டெல்லியில் குளிர்காலம் வந்தால் ஒரு சண்டையும் தவறாமல் வந்துவிடும். புகைக்குக் காரணம் பஞ்சாப் விவசாயி எரிக்கும் வைக்கோலா, டெல்லிக்காரர் ஓட்டும் வண்டியா?

இதற்குப் பதில் சொல்லத்தான் புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் ஒரு கணினி மாடலை ஓட்டுகிறது. டெல்லியின் மாசில் சுற்றியுள்ள 19 மாவட்டங்களுக்கு எவ்வளவு பங்கு என்று அன்றாடம் சொல்லும். 2024 குளிர்காலத்தில், துல்லியம் போதாது என்று, டெல்லி வட்டாரத்தின் காற்றைக் கவனிக்கும் மத்திய அமைப்பான காற்றுத்தர மேலாண்மை ஆணையம் சொல்ல, அதை நிறுத்தி வைத்தார்கள்.

குறை உண்மைதான். எங்கிருந்து எவ்வளவு புகை கிளம்புகிறது என்று அதில் போட்டிருந்த கணக்கு 2018-ஆம் ஆண்டினுடையது. சரி, புதிய கணக்கை யார் கொடுத்திருக்க வேண்டும்? விஞ்ஞானிகளா, மாநில அரசுகளா?

புகையிலுள்ள கந்தகம் கலந்து பெய்யும் அமில மழைக்காக ஐரோப்பா இதே சண்டையைப் போட்டிருக்கிறது. பிரிட்டனின் அனல்மின் நிலையப் புகை எங்கள் ஏரி மீன்களைக் கொல்கிறது என்று நார்வேயும் சுவீடனும் சொல்லிக்கொண்டிருந்தன. 1985-இல் ஹெல்சிங்கியில், எல்லாரும் கந்தகப் புகையை 1980 அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்பது என்று உடன்பாடு வந்தது. எல்லாருக்கும் ஒரே எண். பிரிட்டன் கையெழுத்தே போடவில்லை.

அப்புறம்தான் 'ரெயின்ஸ்' மாடல் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. உருவாக்கியது வியன்னா அருகே லாக்சன்பர்க்கில் உள்ள ஐயாசா என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பனிப்போருக்கு நடுவே 1972-இல் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் என்பதால், எதிராளியின் மாடல் என்று யாராலும் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அதைவிட முக்கியம், உள்ளே போன எண்கள். தங்கள் மண் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற வரைபடத்தை அந்தந்த நாடே தயாரித்துக் கொடுத்தது. சுண்ணாம்பு மண் சமாளித்துக்கொள்ளும். ஸ்காண்டிநேவியாவில் கருங்கல் மேல் படிந்த மெல்லிய மண்ணால் முடியாது. எந்த நாட்டில் எவ்வளவு குறைத்தால், குறைந்த செலவில் அந்த மண் பிழைக்கும் என்று மாடல் கணக்குப் போட்டது. 1994 ஓஸ்லோ உடன்பாட்டில் நாட்டுக்கு நாடு இலக்கு மாறியது. ஸ்பெயினுக்கு 2000-க்குள் 35 சதவீதம். முன்பு முரண்டுபிடித்த பிரிட்டன் 2010-க்குள் 80 சதவீதம் குறைக்க ஒப்புக்கொண்டது!

ரெயின்ஸ் ஒன்றும் பிழையே இல்லாத மாடல் அல்ல. தன் கணக்கே உள்ளே இருப்பதால், விடை கசந்தாலும் பொய் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் விஞ்ஞானி தனியாக ஓட்டுகிறார், அதிகாரி அதைச் செய்தித்தாளில் படிக்கிறார். பிறகு எப்படி நம்புவார்?

பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி எல்லாம் ஆண்டுதோறும் ஜூன் மாதத்துக்குள் தங்கள் புகைக் கணக்கைத் தாங்களே தரட்டும். எதை நிறுத்தினால் எவ்வளவு குறையும் என்று அவர்களுடைய அதிகாரிகளே மாடலில் போட்டுப் பார்க்கட்டும். தராத மாநிலம் நவம்பரில் வந்து எண் தப்பு என்று சொல்லக் கூடாது. மாநிலங்களுக்கு உத்தரவு போடும் அதிகாரத்தை, காற்றுத்தர மேலாண்மை ஆணையத்துக்கான 2021 சட்டம் அதற்கு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது.