எந்த உறுப்புக்கு என்று கேளுங்கள்

ஆர்என்ஏவால் மரபணுவை அடக்கிப் புற்றுநோயைக் குணமாக்கும் ஊசி வந்துவிட்டது என்று டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது அனுப்பினால், எந்த உறுப்புக்கு என்று கேளுங்கள்.

அடக்குவது பெரிய வித்தையே இல்லை. விஞ்ஞானிகள் ஃபயரும் மெல்லோவும் 1998-இல் புழுவில் நிரூபித்தார்கள், 2006-இல் நோபல் வாங்கினார்கள். சுமார் 21 எழுத்து நீளமுள்ள இரட்டை இழை ஆர்என்ஏ செல்லுக்குள் போனால், ஆர்கோனாட் என்ற புரதம் அதில் ஓர் இழையை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவை, அதாவது மரபணுவின் கட்டளையைச் சுமக்கும் நகலை, வெட்டிப்போடும். சோதனைத் தட்டில் இது அழகாக நடக்கும்.

உடம்பில்தான் வம்பு. வெறும் ஆர்என்ஏவை ரத்தத்தில் ஏற்றினால் நொதிகள் சிதைக்கும், சிறுநீரகம் சில நிமிடங்களில் வடிகட்டிவிடும். கொழுப்புத் துகளில் பொதிந்தால் பிழைக்கும், ஆனால் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தங்கும். செல்லுக்குள் நுழைந்ததிலும் எண்டோசோம் என்ற, செல் தான் விழுங்கியதைப் பொதிந்து வைக்கும் பையிலிருந்து தப்பி வெளியே வருவது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். போதாததற்கு நோயெதிர்ப்பு மண்டலம் வேறு சீறும். எம்ஆர்எக்ஸ்34 என்ற மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) புற்றுநோய் மருந்தின் சோதனை 2016-இல் நின்றது அதனால்தான்.

இந்த வகை மருந்துகளில் 2018-இல் முதலில் அனுமதி பெற்ற பாட்டிசிரானும், கொலஸ்ட்ராலுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 284 மில்லிகிராம் போடும் இன்க்ளிசிரானும் கல்லீரலைக் குறிவைத்தவை. நுரையீரல் கட்டிக்கும் கணையக் கட்டிக்கும் அந்தச் சாலை இன்னும் போடப்படவில்லை.

அதனால் தென்னாப்பிரிக்கா பணம் போட வேண்டிய இடம் கல்லீரல் என்பேன். இங்கே கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் ஹெபடைடிஸ் பி வைரஸ். ஜொகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் ஆர்பத்நாட் குழு பல வருடமாக அந்த வைரஸை ஆர்என்ஏவால் அடக்கப் பார்க்கிறது.

இங்கும் பொறி உண்டு. இந்த வைரஸை அடக்கச் செய்த ஏஆர்சி-520 என்ற ஆர்என்ஏ மருந்து சில நோயாளிகளில் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. வைரஸின் டிஎன்ஏ துண்டு மனித குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும்போது, மருந்து குறிவைத்த பகுதி அறுந்துபோயிருந்தது. துண்டோ மேலுறைப் புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த மருந்தில் ஒரு குறியை, அந்த மேலுறைப் புரதத்துக்கான எஸ் மரபணுப் பகுதிக்கு மாற்றினார்கள். அப்படியும் செல்லின் கருவுக்குள் வட்டமாகக் கிடக்கும் வைரஸ் டிஎன்ஏ சாகாது. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் தலைதூக்கலாம்.

தடுப்பூசி இந்நாட்டுக் குழந்தைகளுக்கு 1995 முதல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ஹெபடைடிஸ் பி மேலுறை ஆன்டிஜென் ரத்தப் பரிசோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால், வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தேவையா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.