படித்தால் 10 சதவீதம், செய்தால் 90 சதவீதமா? தவறான கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் தமிழ் வகுப்புப் பெற்றோரிடையே வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. படிப்பதில் 10 சதவீதமும் பார்ப்பதில் 30 சதவீதமும் செய்வதில் 90 சதவீதமும் நினைவில் நிற்குமாம். ஆகவே பாடநூலை விட்டுக் காணொளிக்கு மாற வேண்டுமாம்.

இது தவறு. இந்த எண்களுக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. இவற்றுக்கு மூலமாகக் காட்டப்படுவது, அமெரிக்கக் கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் வெளியிட்ட அனுபவக் கூம்பு; நேரடி அனுபவம் முதல் வெறும் சொற்கள் வரை கற்கும் வழிகளை அடுக்கிக் காட்டும் படம் அது. அதில் சதவீதமே கிடையாது. எண்கள் பிறர் ஒட்டியவை.

நூல், காணொளி போன்ற ஊடகத்தைவிடக் கற்பிக்கும் முறையே முக்கியம் என்று கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் வாதிட்டார். மற்றொரு ஆய்வாளரான ராபர்ட் கோஸ்மா அதை மறுத்தார். ஊடகம் பொருட்டே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். வீட்டில் ஆங்கிலமே பேசும் நம் பிள்ளைகளுக்கு ழகரத்தை அச்செழுத்து மட்டும் கற்றுத்தராது; காதால் கேட்கவேண்டும். அதே எழுத்தை எழுதிப் பழக, நோட்டும் பென்சிலும்தான் வேண்டும்.