சேர்க்கை நாளில் ஒரு தாள் கொடுங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே கேள்விதான். "சார், நம்ம பையனுக்கு அரசு கலைக் கல்லூரியில சீட் கிடைக்குமா?" கிடைத்தபின் என்ன என்று கேட்டு யாரும் போன் செய்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமானது, பொறுமையாகப் படியுங்கள்.

நான் அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். சேர்க்கைக் குழுவில் பல ஆண்டுகளாக உட்காருகிறேன். தமிழ்நாட்டு அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கை முறை மீது எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் அந்த 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் மதிப்பெண்ணை 400க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறோம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். 69 சதவீத இடஒதுக்கீடு அப்படியே நடைமுறையில் இருக்கிறது. 2023இல் 164 அரசுக் கல்லூரிகளில் ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கும் அதிகமான இடங்களுக்கு இப்படித்தான் சேர்க்கை நடந்தது. திருவாரூரில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர 2022 முதல் கியூட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் கல்லூரிகளுக்கும் அப்படி ஒன்று வரட்டும், தரம் உயரும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். பன்னிரண்டு வருடம் படித்து வாங்கிய மதிப்பெண்ணை ஓரம் வைத்துவிட்டு, கோச்சிங் போகப் பணம் இருக்கிறவனை முன்னால் நிறுத்துகிற வேலை அது.

ஆக, உள்ளே வரும் வழி நேராக இருக்கிறது. பட்டத்தோடு வெளியே போகிற வழியைத்தான் அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

சேர்க்கை நாளை நினைத்துப் பாருங்கள். அம்மாவும் பையனும் வருகிறார்கள். கையில் டி.சி., சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், எல்லாவற்றுக்கும் மூன்று செட் ஜெராக்ஸ். விண்ணப்பத்தில் எந்தக் கல்லூரி முதலில், எந்தப் பாடம் முதலில் என்பதைப் பெரும்பாலும் பிரவுசிங் சென்டர் அண்ணன் முடிவு செய்திருப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஐந்து நிமிடத்தில் சான்றிதழ் சரிபார்த்து, பாடத்தைச் சொல்லி, பணம் கட்ட அனுப்பிவிடுகிறோம். வெளியே வரிசை நிற்கிறது. "எது படிச்சா நல்லதுங்க சார்?" என்று அந்த அம்மா கேட்டால், "எல்லாம் நல்ல பாடம்தாம்மா" என்று பதில் வரும். இது பதிலே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். பி.ஏ. பொருளாதாரத்தில் ஓர் இடம், பி.ஏ. வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது. பையனுக்கு வாத்தியார் ஆக ஆசை. வரலாறு எடுத்தால் மூன்று வருடப் பட்டம், அப்புறம் இரண்டு வருட பி.எட். என்று ஐந்து வருடத்தில் பள்ளி ஆசிரியருக்கான அடிப்படைத் தகுதி கைக்கு வரும், தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் தனி. பொருளாதாரம் எடுத்தால் தமிழ்நாட்டில் பி.எட். சேரவே முதுகலை வேண்டும். வணிகவியல், அரசியல் அறிவியல், சமூகவியல், உளவியல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மூன்று, இரண்டு, இரண்டு, ஆக ஏழு வருடம். பொருளாதாரம் அருமையான பாடம், யாரையும் நான் தடுக்கவில்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் அந்த இரண்டு வருடத்தை முதல் நாளே தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். அவர்களுக்கு அது மூன்றாம் வருடக் கடைசியில்தான் தெரிகிறது.

பயிற்று மொழியும் இப்படித்தான். பல கல்லூரிகளில் வரலாறும் பொருளாதாரமும் தமிழ் வழியிலும் உண்டு, ஆங்கில வழியிலும் உண்டு. பெற்றோர் ஆங்கில வழி கேட்பார்கள். ஆசையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ் வழியில் படித்தோருக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை என்று 2010இல் வந்த சட்டம் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழ் வழியில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் வந்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கில வழிக்கு ஒரு டிக் அடித்தால், பட்டம் கேட்கிற பணிகளில் அந்த 20 சதவீதத்துக்குள் வர முடியாது. அந்த டிக் அடிக்கும்போது இதைச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாரா? என் அனுபவத்தில் பெரும்பாலும் இல்லை.

பட்டத்தின் பெயர் இன்னொரு சிக்கல். கல்லூரிகள் புதுப்புதுப் பெயரில் படிப்புகளைத் தொடங்குகின்றன, பெயர் கவர்ச்சியாகவும் இருக்கிறது. நாளைக்குத் தேர்வாணையமோ ஆசிரியர் தேர்வு வாரியமோ கேட்கிற பட்டத்தின் பெயரும் இவன் கையில் இருக்கிற பட்டத்தின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டும் இணையானவை என்று அரசாணை காட்ட வேண்டும். அதுவும் பணி அறிவிக்கை வருவதற்கு முன்னாலேயே வெளியான அரசாணையாக இருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் பணி என்றால் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது இணையென்று ஏற்கப்பட்ட பாடத்தில் இருக்க வேண்டும். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய், அங்கே திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்கள் சேர்ந்த நாளில் அந்தப் படிப்பை விற்ற கல்லூரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, பட்டத்தையே வாங்குவதற்கு வருவோம். இங்கேதான் எனக்கு மனசு அதிகம் வலிக்கிறது.

நம் பல்கலைக்கழகங்களின் இளங்கலைப் பட்டத்தில் ஐந்து பகுதிகள் உண்டு. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றில் முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் சார்ந்த தாள்கள், இப்போது 'நான் முதல்வன்' என்ற அரசின் திறன் பயிற்சித் திட்டமும். பகுதி ஐந்து நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணி. ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை என்று கிரெடிட் புள்ளி உண்டு, எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 140 கிரெடிட். ஐந்தையும் முடித்தால்தான் பட்டம்.

பையன்கள் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தைத்தான் படிப்பு என்று நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். முதல் வகுப்பா இரண்டாம் வகுப்பா என்பதைப் பல இடங்களில் பகுதி மூன்றை வைத்துத்தான் சொல்கிறோம். அதனால் மேஜரில் முதல் வகுப்பு மதிப்பெண் வைத்துக்கொண்டு, இரண்டாம் பருவ ஆங்கிலத் தாள் ஒன்று தேறாமல் நிலுவையில் இருப்பதால் பட்டம் இல்லாமல் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். என் துறையில் மிக நன்றாகப் படித்த ஒரு பெண், நொளம்ப அரசர்களின் கல்வெட்டைப் பற்றி வகுப்பில் என்னிடமே சண்டை போடுகிற பெண், ஒரே ஒரு ஆங்கிலத் தாளால் எம்.ஏ. சேர முடியாமல் ஜவுளிக்கடையில் வேலைக்குப் போனாள். தாளை முடிப்பதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது.

தேர்ச்சி விதியையும் சொல்லிவிடுகிறேன். உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75, மொத்தம் 100க்கு 40 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அந்த 75இல் தனியாக 30 எடுத்தாக வேண்டும். "இன்டர்னல்ல 22 இருக்கு, 18 எடுத்தா போதும்" என்று கணக்குப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு துறை வாசலில் வந்து நிற்பார்கள்.

ஆங்கிலத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் வந்த எழுபது பேரை ஒரே அறையில் உட்காரவைத்து, கவிதையும் கட்டுரையும் நடத்தி, கைடு வாங்கி மனப்பாடம் செய்யச் சொல்வது ஆங்கிலம் கற்பிப்பது ஆகாது. முதல் பருவத்தின் தொடக்க வாரங்களை வாக்கியம் எழுதப் பழக்குவதற்கென்றே ஒதுக்கினால் நிலுவை பாதியாகக் குறையும் என்பது என் நம்பிக்கை. அதற்கு ஆசிரியர் வேண்டும். எத்தனை கல்லூரிகள் நிரந்தரப் பணி இல்லாத கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஓடுகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

வருகைப் பதிவு இன்னொன்று. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். 65க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டி எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது. 50க்குக் கீழே போனால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். பொதுவாக விதி இப்படித்தான். முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவன், ராத்திரி பரோட்டாக் கடையில் நின்றுவிட்டுக் காலையில் கல்லூரியின் முதல் ஷிப்டுக்கு வர முடியாதவன், இவர்கள்தான் இதில் மாட்டுகிறவர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தப் பணத்தால் பஸ்ஸும் சாப்பாடும் ஓடி, வகுப்புக்கு ஒழுங்காக வருகிறவர்களைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் எந்த வேலை நாளை விட்டால் எந்தப் பருவம் போகும் என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டாமா? முதல் மாதமே தெரிந்திருந்தால் எத்தனையோ பையன்கள் லீவை வேறு மாதிரி எடுத்திருப்பார்கள்.

"எல்லாம் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கிறதே சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஆங்கிலத்தில், பக்கம் பக்கமாக, பாடத்திட்டக் குழுவுக்காக எழுதிய நடையில். எனக்கே இரண்டு தடவை படித்தால்தான் புரிகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளை அதைத் தேடிப் படிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அக்கா சொல்லிவிடுவாள், மாமா சொல்லிவிடுவார். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது கல்லூரியின் வேலை.

நான் கேட்பது மிகச் சின்ன விஷயம். சேர்க்கை நாளில், பணம் கட்டுவதற்கு முன்னால், தமிழில் ஒரு தாள். இந்தப் படிப்பில் எத்தனை தேர்வுத் தாள், எந்தெந்தப் பகுதி, தேர்ச்சிக்கு என்ன வேண்டும், வருகைக் கணக்கு என்ன. இந்தப் பட்டத்தை வைத்து பி.எட். நேராகச் சேரலாமா, முதுகலை வேண்டுமா. இந்தப் பெயருக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா, இல்லையா. பயிற்று மொழி எது, அதனால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன. அம்மாவும் பையனும் அதை வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் படித்துவிட்டு வரட்டும். வேறு பாடம் காலியாக இருந்தால் மாற்றிக் கேட்கட்டும். வரிசை கொஞ்சம் மெதுவாக நகரும், அவ்வளவுதான். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், துணைவேந்தர் கையெழுத்தும் வேண்டாம். துறைத்தலைவர் ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

வரலாற்றுத் துறைக்கான தாளை நான் எழுதிவிட்டேன், இந்த வருடச் சேர்க்கையில் என் மேசையில் இருக்கும். எங்கள் பல்கலைக்கழக விதிப்படி எழுதியது, வேறு பல்கலைக்கழகத்துக்காரர்கள் எண்களைச் சரிபார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். பொருளாதாரம், வணிகவியல், ஆங்கிலம், கணிதம் நடத்துகிற ஆசிரியர்கள் உங்கள் துறைக்கு ஒன்று எழுதுங்கள். மாதிரி வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். பழைய மாணவர்கள் யாராவது, முதல் நாளே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கிற விதி எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், தாளில் சேர்த்துக்கொள்கிறேன்.