எந்தக் கடவுளை?

"எல்லா மதங்களும் ஒன்றையேதான் சொல்கின்றன" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அது எந்த மதத்தையும் காதுகொடுத்துக் கேட்காத பேச்சு.

நான் கடவுள் மறுப்பாளன். இதே பிழையை நானும் பல வருடங்கள் செய்தேன். "உலகைக் கடவுள் படைத்தார் என்றால் கடவுளைப் படைத்தது யார்?" இந்த ஒரு கேள்வி எல்லாப் பக்தர்களுக்கும் போதும் என்று நம்பியிருந்தேன். சமண நண்பர் ஒருவரிடமும் கேட்டேன். அவர் அசரவே இல்லை. "படைத்தவர் ஒருவர் உண்டென்று நாங்கள் எப்போது சொன்னோம்? உலகத்துக்குத் தொடக்கமே கிடையாது" என்றார். சமணத்தின் ஞானிகளான தீர்த்தங்கரர்களை அவர் வணங்குவது வரம் கேட்டு அல்லவாம். பற்றறுத்தவர்கள் எதையும் கொடுப்பதில்லை, தடுப்பதும் இல்லை. அவரவர் வினையை அவரவரே தீர்க்க வேண்டும். நாள் தவறாமல் வழிபடும் அந்த மனிதரிடம் என் வாதத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். மீமாம்சகர்கள் என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவினர் வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றியவர்கள். ஆனால் உலகைப் படைத்த ஈசுவரன் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பழைய தத்துவ வழக்கில் வேதத்தை ஏற்காதவனே நாத்திகன். அந்தக் கணக்கில் இவர்கள் ஆத்திகர்கள், என் நண்பர் நாத்திகர்! ரோமப் பேரரசில் தொடக்ககாலக் கிறிஸ்தவர்களையே கடவுள் மறுப்பாளர்கள் என்று தூற்றியிருக்கிறார்கள். ரோமின் தெய்வங்களை வணங்க மறுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

கி.பி. 325இல் நைசியா என்ற ஊரில் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள், மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளோடு ஒரே இயல்பு உடையவர் என்று அறிக்கையிட்டார்கள். இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது குர்ஆனின் 112ஆம் அத்தியாயம். இவை இரண்டும் ஒன்றா? ஒரு முஸ்லிமிடமும் ஒரு கிறிஸ்தவரிடமும் கேட்டுப் பாருங்கள். இருவரும் மறுப்பார்கள், மறுக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. அவர்கள் உயிராக மதிக்கும் வேறுபாட்டை அற்பம் என்று நாம் தள்ளிவிட்டு, அதற்கு மத நல்லிணக்கம் என்று பெயர் வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரோடு அன்பாக இருக்க அவருடைய கடவுளும் என்னுடையதும் ஒன்றாக இருந்தே தீர வேண்டுமா என்ன?

அன்று விடைபெறும்போது அந்த நண்பர் கேட்டார்: "நீங்கள் இல்லை என்று சொல்கிறீர்களே, அந்தக் கடவுள் எப்படி இருப்பார்?"

யோசித்துப் பார்த்து, உள்ளதைச் சொன்னேன். ஐந்து வயதில், பொய் சொன்னால் வந்து கண்ணைக் குத்தும் என்று என்னை மிரட்டி வைத்திருந்தார்களே, அந்தச் சாமி.