எஸ்க்யூலைட் ஸ்லோவாம்! அந்த லூப்பை முதலில் திறந்து பாருங்கள்

"எஸ்க்யூலைட் ரொம்ப ஸ்லோ, வேற டேட்டாபேஸுக்கு மாறிடலாம்." ஒரே ஃபைலுக்குள் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டை (SQLite) பற்றி இன்றைக்கும் இதே வசனம். 20,000 ரெக்கார்டை உள்ளே தள்ள ஐந்தரை நிமிடம் ஆகிறதாம். புரோகிராமைத் திறந்தால், நீங்கள் எல்லோரும் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன அதே லூப்: ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவது. ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்ற கதையேதான்.

அந்த லூப்பின் ஒரே ஒரு சுற்றில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் இன்சர்ட் வாக்கியத்தை, அதாவது ரெக்கார்டைச் சேர்க்கும் கட்டளையை, ஸ்ட்ரிங்காக ஒட்டுகிறார்கள். ஒற்றை மேற்கோள், பிளஸ், பெயர், பிளஸ், மறுபடி ஒற்றை மேற்கோள். ஓ'பிரையன் என்று ஒரு பெயர் வந்தால் அங்கேயே சின்டாக்ஸ் எரர். அதற்கு என்ன வைத்தியம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? பெயரிலிருந்து அந்த மேற்கோளை அழித்துவிடுகிறார்கள்! ஒரு மனுஷனின் பெயரையே மாற்றுவீர்களா? அப்படி அழிக்க மறந்த இடம் ஒன்று இருந்து, வேண்டுமென்றே ஒருவன் அங்கே எஸ்க்யூஎல்லை (டேட்டாபேஸ் கட்டளை மொழி) எழுதி அனுப்பினால் அதுவும் வாக்கியத்தோடு சேர்ந்து ஓடும்.

சரி, ஒட்டியாயிற்று. இப்போது ப்ரிப்பேர், அதாவது வாக்கியத்தை ஓட்டத் தயார் செய்வது. எஸ்க்யூலைட் அந்த வாக்கியத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிறது, டேபிள், காலம் (column) எல்லாம் இருக்கிறதா என்று சரிபார்க்கிறது, தான் ஓட்டக்கூடிய பைட்கோடாக மாற்றுகிறது. அதை ஒரே ஒரு முறை ஓட்டிவிட்டு ஃபைனலைஸ் செய்து, அதாவது முடித்துவிட்டு, குப்பையில் போடுகிறார்கள். அடுத்த சுற்றில் அதே வாக்கியம், அதே அலசல், அதே பைட்கோடு, அதே குப்பை. 20,000 முறை!

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கொடுமை, லூப்புக்கு வெளியே ஒரு பிகின் இல்லாததுதான். பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக, ஒரே டிரான்ஸாக்ஷனாக, தொடங்குவதுதான் பிகின். அது இல்லையென்றால் ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி டிரான்ஸாக்ஷன். ஜர்னல் ஃபைலை (நடுவில் நின்றுபோனால் பழைய நிலைக்குத் திரும்ப) உருவாக்கு, பழைய பக்கத்தை அதில் எழுது, டிஸ்க்கில் போய்ச் சேரும்வரை காத்திரு, டேட்டாபேஸில் எழுது, மறுபடி காத்திரு, ஜர்னலை அழி. 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 சுற்று சுற்றும். ஒரு டிரான்ஸாக்ஷனுக்குச் சுமார் இரண்டு முழுச் சுற்று வேண்டும். ஆக, நொடிக்கு 60தான். 20,000ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்தரை நிமிடம் எங்கே போனது என்று தெரியும். சாதாரண கம்ப்யூட்டரில் நொடிக்கு 50,000 இன்சர்ட் சுலபமாக முடியும் என்று எஸ்க்யூலைட்டின் கேள்வி-பதில் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு பிகின். மதிப்பு வரும் இடங்களில் கேள்விக்குறி போட்டு, லூப்புக்கு வெளியே ஒரே ஒரு ப்ரிப்பேர். உள்ளே பைண்ட் (மதிப்பைப் பொருத்து), ஸ்டெப் (ஓட்டு), ரீசெட் (அடுத்த ஓட்டத்துக்குத் தயார் செய்). முடிந்ததும் ஃபைனலைஸ், கமிட் (எல்லாவற்றையும் உறுதி செய்). நடுவில் எரர் வந்தால் ரோல்பேக் (எல்லாவற்றையும் திரும்பப் பெறு).

இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதியைக் கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். ரீசெட்டை விட்டுவிடுவார்கள். அப்போது அடுத்த பைண்ட் மிஸ்யூஸ் (தவறான பயன்பாடு) என்று எரர் கோடு திருப்பும். அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஸ்டெப் தானாகவே ரீசெட் செய்துகொண்டு பழைய மதிப்புகளோடு ஓடிவிடும். ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற யுனீக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத டேபிளா? முதல் ஆளின் ரெக்கார்டு 20,000 தடவை உள்ளே உட்கார்ந்திருக்கும். ஒரு எரர்கூட வெளியே வராது!

ரீசெட் போட்டால் பைண்ட் செய்த மதிப்புகளும் அழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த ரகம். அழியாது! ஃபோன் நம்பர் இல்லாத ஆளுக்கு "இஃப்" போட்டு பைண்டைத் தாண்டிப் போகிறார்கள். முந்தைய ஆளின் நம்பர் இவர் பெயரில் பதிவாகிறது. நல் (NULL), அதாவது 'எதுவும் இல்லை' என்ற மதிப்பை பைண்ட் செய்யுங்கள், இல்லையென்றால் எல்லா மதிப்பையும் அழிக்கும் கிளியர் பைண்டிங்ஸைக் கூப்பிடுங்கள். இரண்டு எழுத்து டைப் செய்ய அவ்வளவு சோம்பலா?

ரெக்கார்டைப் படிக்கும் செலக்ட் பக்கம் வந்தால் வேறு கூத்து. பாதி ரெக்கார்டு படித்துவிட்டு ரீசெட் செய்யாமல் விட்டால் ரீட் டிரான்ஸாக்ஷன் திறந்தே கிடக்கும். மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் வால் (WAL) மோடில், அவற்றை டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகும் செக்பாயின்ட் முடிய வழியில்லாமல் வால் ஃபைல் வீங்கிக்கொண்டே போகும். அப்புறம் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) போட்ட தேதிக் காலத்தை டேட் ஃபங்ஷனுக்குள் சுற்றி வைத்துவிட்டு, "இண்டெக்ஸ் வேலை செய்யல" என்ற புலம்பல். எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் க்வெரி பிளான் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. ஸ்கேன் என்று வந்தால் டேபிளை முழுக்கத் துழாவுகிறது, சர்ச் என்று வந்தால் இண்டெக்ஸைப் பிடித்து நேராகப் போகிறது. ஒரு நாளின் ரெக்கார்டைத் தேட, காலத்தைச் சும்மா விட்டு, அன்றைய தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், மறுநாள் தொடக்கத்துக்குக் கீழ் என்று எழுதினால் தீர்ந்தது.

தேதி என்றதும் ஞாபகம் வருகிறது: தேதியை நாள்-மாதம்-வருடம் என்று டெக்ஸ்டாகச் சேமிக்கச் சொன்னது யார்? பழையதை முதலில் கேட்டால் 05-11-2023 மேலே, 31-01-2020 கீழே வருகிறது. டெக்ஸ்ட் என்றால் இடமிருந்துதான் ஒப்பிடும்! வருடம்-மாதம்-நாள் என்று வையுங்கள் என்று எத்தனை பேர் எத்தனை தடவை கத்துவது? கேட்டால், வரிசைப்படுத்தும் கட்டளையைக் குறை சொல்லி, "ஆர்டர் பை-ல பக் இருக்கு சார்" என்கிறார்கள்.